நவம்பர் முதல் தேதி, அதற்கு மேல் இல்லை

மார்ஷ்வுட், மாசசூசெட்ஸ்
1759 ஜூன் 4

என் வீட்டுக்காரர் ஆசகேல் தார்ப்புக்கு, கேத்தூராள் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. வேலையை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஏப்ரல் மாதம் ஊர்ப்படைப் பயிற்சி நாளன்று என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? "மாட்டுக்கு லாடம் அடிச்சிட்டு வந்துடறேன்." மாடு லாடம் இல்லாமலேயே திரும்பி வந்தது. நீங்கள் ஊர்ப்படையில் பேர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும் என்று இருப்பேன். ஆலயப் படியில் ஏறி நின்றுகொண்டு, ஊரில் இருக்கிற அத்தனை அம்மாக்களுக்கும் முன்னால், "நவம்பர் முதல் தேதி வரைக்கும்தான். அன்னிக்கு உங்க பிள்ளைங்க எல்லாரையும் நானே கூட்டிக்கிட்டுக் கிளம்புவேன். இது என் வார்த்தை" என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேப்டன் லவெட் முரசு அடித்தபோது மூன்று பேர்கூடத் தேறவில்லை. நீங்கள் வாயைத் திறந்த பிறகுதான் உங்களோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் ஆனது. கேப்டனை நம்பி யாரும் போகவில்லை. உங்களை நம்பித்தான் போயிருக்கிறார்கள். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்கே வாக்குக் கொடுக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தாயிற்று. உங்கள் தம்பி வந்து உதவினார், அரைகுறையாக. லோயிசுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆலயத்தில் இந்த வருஷமும் மாடிப்படிக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். வயது, சொத்து, பதவி பார்த்து இடம் ஒதுக்கும் இருக்கைக் கமிட்டி நவம்பரில்தான் மறுபடி கூடுமாம். அதுவரை மேலே ஏறுகிறவர்களின் பூட்ஸ் மண் என் தொப்பியில்தான் விழும். டீக்கன் கூம்ஸின் மனைவி முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்து என்னைப் பாவம் என்று நினைக்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேப்டன் லவெட்டின் மனைவி உங்களை எல்லாம் இன்னும் திட்டுகிறாள். அவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்த மறுநாள் விடியற்காலை, வழக்கம் என்று சொல்லிக்கொண்டு அவர் வாசலில் போய்த் துப்பாக்கி வெடித்து எழுப்பினீர்களே, அதில் அவளுக்கு ஆறு கண்ணாடி போயிற்று. ஜன்னலில் இன்னும் எண்ணெய்க் காகிதம்தான். "கண்ணாடி உடைஞ்சாத்தான் கேப்டனுக்குப் பெருமை" என்று நீங்கள் பல்லைக் காட்டிச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

கால்சராயில் இடது முட்டியை இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். கிழித்துக்கொண்டு வராதீர்கள்.

கேத்தூராள்

*

ஏரிக்கரை முகாம்
1759 ஜூலை 9

அன்புள்ள கேத்தூராளுக்கு,

திட்டியாவது எழுதினாயே, அதுவே சந்தோஷம். உன் கடிதத்தை ஒபேத்துக்கு வாசித்துக் காட்டினேன், பாதியை விட்டுவிட்டு. விதவை ஜெரூசாவின் பிள்ளைதான், உனக்குத் தெரியுமே. "அக்கா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?" என்றான். "கோவம் இல்லன்னாதான்டா நான் பயப்படணும்" என்றேன்.

சண்டை என்று நினைத்து வந்தோம். பிரெஞ்சுக்காரனின் தொப்பியைக்கூட இன்னும் பார்க்கவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கோடாரிதான். காட்டை வெட்டிப் பாதை போடுகிறோம். பாதை முடிந்ததும் கோட்டை கட்ட வேண்டுமாம். துப்பாக்கியைவிடக் கோடாரிக்குத்தான் அதிகம் சாணை பிடித்திருக்கிறேன். மாவுக் களியும் உப்புக் கண்டமும் கிடைக்கிறது. ஈறு வீங்கிப் பல் ஆடும் நோய் வராமலிருக்க ஊசியிலை மரத்தின் கொழுந்தைப் போட்டுக் காய்ச்சிய பானம் ஒன்று தருகிறார்கள். தச்சன் பட்டறையைக் கரைத்துக் குடிப்பது மாதிரி இருக்கிறது.

இங்கே இங்கிலாந்து ராஜாவின் சிவப்புக் கோட்டுப் படையும் இருக்கிறது. அவர்களுக்கும் நமக்கும் மேலே மேஜர் ட்ரெஷாம் என்று ஒருவர். நல்ல உயரம், நல்ல குரல், காது மட்டும் தன் குரலைத் தவிர வேறு எதையும் கேட்காது. போன வாரம் எங்கள் தேதியைப் பற்றிப் பேச்சு வந்தது. "சிப்பாய்க்கு ஏதுய்யா தேதி? ராஜா போதும்னு சொல்ற வரைக்கும் நிக்கணும்" என்றார். நான், "எங்க ஊர்ல மாடு மேய்க்க ஆள் வெச்சாலும் தேதி பேசித்தான் வெப்போம் ஐயா. நாங்க யாருக்கும் அடிமையா எழுதிக் குடுக்கல, நவம்பர் ஒண்ணு வரைக்கும் வேலைக்கு வந்திருக்கோம்" என்றேன். அவருடைய சிப்பாய்கள் சாகும்வரை என்று கையெழுத்துப் போட்டவர்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாக்குக் கொடுத்ததற்கு உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அது தப்புதான். கொடுத்தது தப்பில்லை.

முட்டி இன்னும் கிழியவில்லை.

ஆசகேல்

*

ஏரிக்கரை முகாம்
1759 ஆகஸ்ட் 27

கேத்தூராளுக்கு,

இதைத் தனியாக உட்கார்ந்து படி.

முகாமில் காய்ச்சல் பரவியது. கேப்டன் லவெட் செவ்வாய்க்கிழமை போய்விட்டார். வியாழக்கிழமை காலை ஒபேத்தும் போய்விட்டான். நான்தான் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். பிறகு, "நவம்பருக்கு இன்னும் எத்தனை நாள் அண்ணே?" என்று கேட்டான். சொன்னேன். கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொன்னேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். கேத்தூராள், நீ போய் அவளிடம் சொல்ல வேண்டும். இதைத் தபால்காரர் எனோக் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது. அவனுடைய துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. அது அவன் அப்பாவுடையது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

கேப்டனை அடக்கம் செய்த அன்றே நம் ஆட்கள் கூடி, கை தூக்கி, என்னைக் கேப்டன் என்று சொல்லிவிட்டார்கள். மேஜருக்கு இது பிடிக்கவில்லை. "கேப்டனை ராஜாதான் போடுவார், மாடு மேய்க்கிறவங்க கை தூக்கிப் போட முடியாது" என்கிறார். ஆனால் அவர் சொன்னால் நம் ஆட்கள் நகர மாட்டேன் என்கிறார்கள், நான் சொன்னால்தான் நகர்கிறார்கள். அதனால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஒரு பிசகு நடந்துவிட்டது. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் கேப்டனை அவசர அவசரமாகக் கோட்டோடு புதைத்துவிட்டோம். நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் காகிதம் அந்தக் கோட்டின் உள் பையில் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடி ஜெபமும் முடிந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஆசகேல்

*

மார்ஷ்வுட்
1759 செப்டம்பர் 12

கணவருக்கு,

போனேன். ஜெரூசா முற்றத்தில் சணல் அடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லாத, கொஞ்சம் இரு" என்றாள். உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து, "சரி, சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். எழுந்து வரும்போது, "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரேன்னு உன் புருஷன் சொன்னாரே" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

கை தூக்கிய கேப்டன் ஐயாவுக்கு என் சல்யூட். வீட்டில் ஆட்டைப் பட்டியில் அடைக்கச் சொன்னால் உங்கள் பேச்சை நாய்கூடக் கேட்காது. அங்கே பதினாறு பேர் கேட்கிறார்களாம்!

பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் எல்லாம் இப்போது இல்லை. பயம்தான் இருக்கிறது.

கேத்தூராள்

*

ஏரிக்கரை முகாம்
1759 செப்டம்பர் 29

அன்புள்ள கேத்தூராளுக்கு,

மேஜர் ட்ரெஷாம் நேற்று என்னைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

கோட்டைக்குள் சிப்பாய்கள் தங்கும் வீடுகள் பாதியில் நிற்கின்றன. நம் ஆட்கள் வசந்தம் வரை தங்கி முடித்துக் கொடுக்க வேண்டுமாம். நவம்பர் முதல் தேதி என்றேன். "எந்தக் காகிதத்துல இருக்கு? காட்டு பாப்போம்" என்றார். கேப்டனோடு மண்ணுக்குள் இருக்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப போய் அவர்கிட்டயே கேட்டு வாங்கிட்டு வா" என்றார். காகிதம் இல்லாமல் கிளம்பினால் படையிலிருந்து ஓடியவர்கள் என்று கணக்காம். ஓடியவனுக்கு என்ன தண்டனை என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பிறகு குரல் இறங்கியது. ஆட்களைப் பேசித் தங்க வைத்தால் ராஜாவின் முத்திரையோடு எனக்குக் கேப்டன் பதவி எழுதித் தருகிறாராம். கை தூக்கின கேப்டன் இல்லை, நிஜக் கேப்டன். முத்திரை வந்தால் கமிட்டி நம்மை முன் பெஞ்சில்தான் உட்கார வைக்க வேண்டும், டீக்கன் கூம்ஸுக்கும் முன்னால். நீ படிக்கட்டுக்கு அடியில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாய்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஆட்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் சொன்னால் தங்குவார்கள். அதுதான் கேத்தூராள், எனக்குக் கஷ்டம்.

காகிதத்துக்கு இன்னொரு பிரதி எழுதி வீட்டில் வைத்துவிட்டு வந்த ஞாபகம். கிடைக்குமா? இல்லையென்றாலும் எழுது. இந்த முறை உன்னைக் கேட்கிறேன்.

ஆசகேல்

*

மார்ஷ்வுட்
1759 அக்டோபர் 15

கணவருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் பதில் எழுதவில்லை. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் நாள் முழுக்க, மனசுக்குள், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீக்கன் கூம்ஸின் மனைவி எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வேலை செய்துகொண்டே எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது நாள், முன் பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் யார் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் கூட்டிக்கொண்டு போன ஆட்களின் பதினேழு வீட்டுப் பெண்களும் இருப்பார்கள். ஜெரூசா இருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிகிற வரைக்கும் அவர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் படிக்கட்டின் பூட்ஸ் மண்ணே மேல்.

மூன்றாவது நாள் காகிதத்தைத் தேடினேன். தேடினேன் என்பதுகூடச் சரியில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கிளம்பிய அன்று இருந்த கோபத்தில் அதை வெள்ளரி ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகப் போட்டு, சணல் கயிற்றால் கட்டி வைத்தேன். இந்தக் காகிதத்துக்கு இதுதான் மரியாதை என்று கட்டும்போது சத்தமாகவே சொன்னேன், லோயிஸ் கேட்டாள். அவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாகக் காடிக் கறை. ஆனால் உங்கள் கையெழுத்து அழுத்தமான கையெழுத்து, ஒரு பெயரும் அழியவில்லை. "நவம்பர் முதல் தேதி வரை, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை" என்ற வரி பளிச்சென்று இருக்கிறது. லவெட்டின் கையெழுத்தும் மாகாணத்தின் முத்திரையும் இருக்கின்றன. மேஜர் முகர்ந்து பார்த்தால் தும்மல் வரும், அவ்வளவுதான்.

அதோடு நான் நிறுத்தவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆலயப் படியில் நீங்கள் சொன்ன வார்த்தையைப் பின்பக்கத்தில் எழுதி, அதைக் காதால் கேட்டோம் என்று ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினேன். எழுதத் தெரியாதவர்கள் அடையாளம் போட்டார்கள். ஒருத்தி வாத்து வரைந்திருக்கிறாள், அது அவர்கள் வீட்டுப் பிராணிகளுக்குப் போடும் குறி. போதகர் கீழே சாட்சி எழுதினார்.

ஜெரூசா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். வாசலிலேயே நின்று, "உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல" என்றேன். காகிதத்தை வாங்கி, ஒபேத்தின் பெயர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இவனுக்கும் தேதி நவம்பர் ஒண்ணுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுக்கு மேல என் பிள்ளைய அங்க வெச்சிருக்க அவங்களுக்கு உரிமை இல்ல. கொண்டா பேனாவ" என்றாள். பதினேழாவது கையெழுத்து அவளுடையது. பதினெட்டாவது என்னுடையது.

உங்கள் வார்த்தை இனி உங்களுடையது மட்டும் இல்லை. என்னைக் கேட்காமல் கொடுத்தீர்கள். இப்போது நான் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிளம்பி வாருங்கள்.

கேத்தூராள்

*

ஹில்பரி சத்திரம், ஊருக்குப் பத்து மைல்
1759 நவம்பர் 13

என் கேத்தூராளுக்கு,

கிளம்பி வந்துவிட்டோம். எனோக் குதிரையில் முன்னால் போகிறார், இதை அவரிடம் கொடுக்கிறேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை நேரில் ஒரு மாதத்துக்குப் பீற்றிக்கொள்வேன்.

அக்டோபர் முப்பத்தொன்று வரைக்கும் ராஜாவின் நாள். அதனால் அன்று பொழுது சாயும்வரை வேலை செய்தோம். கடைசியாகச் செய்த வேலை கோட்டை வாசலுக்குக் கதவு மாட்டியது. இரண்டு ஆள் உயரம், முழு ஓக் பலகை, நல்ல கதவு. சுத்தியலைக் கொண்டுபோய் எண்ணி ஒப்படைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் மூட்டையோடு வரிசையில் நின்றோம். பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டுக்காரர்கள், துப்பாக்கியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. மேஜர் வந்தார். காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பின்பக்கம் திருப்பினார்.

"இது என்ன? வாத்து படமா?"

"சாட்சி ஐயா."

"எதுக்குச் சாட்சி?"

"நான் சொன்ன வார்த்தைக்கு. எங்க ஊர்ப் பொம்பளைங்க போட்டது."

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடையாளமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சுடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. காகிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, "உன் பேர் இனிமே எந்தப் பட்டியல்லயும் வராது தார்ப்" என்றார். "ஏற்கெனவே ஒரு பட்டியல்ல இருக்கு ஐயா, அது போதும்" என்றேன். அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். திறக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உத்தரவு இல்லாததால் காவலுக்கு நின்றவர்களும் அசையவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். நாங்கள் மாட்டிய கதவுதானே! கீல் ஆணியை எந்தப் பக்கம் தட்டினால் கழலும் என்று எங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? சுத்தியலைத்தான் ஒப்படைத்துவிட்டோம், அதனால் துப்பாக்கிக் கட்டையால் தட்டினோம். ஒரு பக்கக் கதவைத் தூக்கி நகர்த்தி வைத்தோம். நோயாளிகள் இரண்டு பேரையும் தூளியில் கட்டி முதலில் தூக்கிப் போனோம். எல்லாரும் வெளியே வந்த பிறகு, அந்தக் கதவைத் தூக்கி மறுபடி கீலில் உட்கார வைத்தோம். ராஜாவின் கோட்டையைத் திறந்து போட்டுவிட்டு வந்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. அன்றைக்கு என்னைப் பார்த்தானே ஒரு சிவப்புக் கோட்டுக்காரன், அவன்தான் உள்ளே இருந்து ஆணியைப் போட்டு இறுக்கினான். "போய்ட்டு வாங்கப்பா" என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி.

முத்திரை போயிற்று, கேத்தூராள். முன் பெஞ்சும் போயிற்று. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் உன்னை நினைத்து இவ்வளவு பெருமையோடு நான் நடந்ததில்லை.

இன்னும் ஒன்று. நாளை விடியும்போது ஊருக்குள் நுழைவோம். கை தூக்கித் தேர்ந்தெடுத்த கேப்டனுக்கு இன்னும் வாசல் வெடி வெடிக்கவில்லை, வழக்கத்தை விடக் கூடாது என்று எல்லாரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்கு ஜெரூசாவை நினைத்தால் மனசு வரவில்லை. பிள்ளை திரும்பி வராத வீட்டுக்குக் கேட்கும்படி எப்படி வெடிப்பது? அவளிடம் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் சத்தம் இல்லாமல் வந்துவிடுகிறோம்.

முட்டி கிழிந்துவிட்டது.

ஆசகேல்

*

மார்ஷ்வுட்
அதே நாள் மாலை

கேப்டன் தார்ப்புக்கு,

எனோக் பதிலுக்காகத் திரும்பி வந்து, குதிரையை விட்டு இறங்காமல் வாசலில் நிற்கிறார், அதனால் சீக்கிரம் எழுதுகிறேன்.

இருக்கைக் கமிட்டி நேற்றுப் பட்டியல் ஒட்டியது. நமக்கு மாடிப்படிக்கு அடியில்தான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் சரியாகிவிடும்.

கண்ணாடிகளை எல்லாம் சட்டத்தோடு கழற்றி, வைக்கோலில் சுற்றி, படுக்கைக்கு அடியில் வைத்தாயிற்று. லவெட்டின் மனைவி பட்ட பாடு எனக்கு வேண்டாம். இன்று இரவு குளிரில் நடுங்கப் போகிறோம், அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பதினேழு பேருக்கும் காலைச் சாப்பாட்டுக்குப் பூசணி வெந்துகொண்டிருக்கிறது. அவரவர் அம்மாக்களும் இங்கேயே வந்துவிடுவார்கள்.

ஜெரூசாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினேழும் வெடிக்கட்டும், ஒண்ணுகூடக் குறையக் கூடாது. அப்புறம் என் பிள்ளை துப்பாக்கிய ஆசகேல் கொண்டு வந்து என் கையில குடுக்கட்டும். பதினெட்டாவது வெடி நான் வெடிக்கிறேன். அவங்கப்பா எனக்குக் கத்துக் குடுத்தது மறந்துடல."

இப்போதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்பங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் அந்தத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்து எடுத்து வாருங்கள்.

கேத்தூராள்